இந்தியாவின் அட்டை ஏன் நிற்கிறது?

மாண்ட்ரியலின் டோர்வல் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் என் மகள் மித்ரா செய்த முதல் காரியம், இடது கால் ஷூவைக் கழற்றிக் கனடாவின் மேல் எறிந்ததுதான். இரண்டரை வயது. வழியெல்லாம் சமர்த்தாக வந்துவிட்டு, வந்து சேர்ந்த பிறகு அழுதாள்.

"பிள்ளைக்கு நாடு பிடிக்கேல்லைப் போல" என்று ஷூவை எடுத்துக்கொண்டு வந்தார் ஒருவர். சிவம் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். அந்த விமான நிலையத்திலேயே பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. அவர் மனைவி வசந்தி அக்கா, லாசாலில் இருக்கும் வீட்டில் பகலில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் என் தோழி ஒருத்தியின் உறவினர்கள். அந்த ஒரு வாரம் நாங்கள் அவர்கள் வீட்டில்தான்.

கைக்குழந்தையாக இல்லாவிட்டாலும் கையை விடாத குழந்தை; அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். மாமியாருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, கணவருக்கு விடுப்பு இல்லை. வராமலேயே இருந்திருக்கலாம். ஆனால் துறைத் தலைவர், "கோமதி, நீங்கதான் போகணும்" என்றபோது, யோசிப்பதற்கு முன்பே என் வாய் "சரி சார்" என்று சொல்லிவிட்டது. எனக்கு அப்படித்தான். 'சரி சார்' முதலில் வரும், யோசனை ஆட்டோ பிடித்துப் பின்னால் வரும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். இன்னும் பணி நிரந்தரமாகவில்லை. எங்கள் துறை, அக்கம்பக்கத்து நாடுகளின் உள்ளாட்சித் தேர்தல்களைப் படித்துவருகிறது. மன்னராட்சியிலிருந்தும் ஒற்றை மனிதர் ஆட்சியிலிருந்தும் வாக்குப்பெட்டிக்கு மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கும் நாடுகள்: நேபாளம், பூட்டான், மாலத்தீவு. எங்கள் கட்டுரைகளில் 'மாறிவரும் நாடுகள்' என்று எழுதுவோம். அந்த நாட்டு ஆட்களோடு மாண்ட்ரியலில் ஐந்து நாள் உட்கார்ந்து ஒரு திட்டத்தை முடிவு செய்ய வேண்டும். ஒரு நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடக்கும்போது பக்கத்து நாட்டிலிருந்து சிலர் போய் உடனிருந்து பார்ப்பது, எழுதுவது, பயிற்சி தருவது. வரைவு எங்களுடையது. வெள்ளி மதியத்துக்குள் எல்லோரும் ஒப்புக்கொண்டால் திட்டம் உண்டு. இல்லையென்றால் திட்டத்துக்குப் பணம் தரும் ஏற்பாட்டாளர்கள் வேறொரு பகுதி நாடுகளைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

கிளம்பும்போது சார் சொன்னது ஒன்றே ஒன்று: "நாம சொல்லிக் குடுக்கப் போறோம். ஒரு வரியையும் மாத்த விட்டுராதீங்க."

சரி சார்.

திங்கள் காலை வசந்தி அக்கா ஒரு தாளில் வழி எழுதித் தந்தார். பஸ்ஸில் ஆங்க்ரினோன் நிலையம், அங்கிருந்து பச்சைக் கோட்டு மெட்ரோ. "ஒரு இடத்திலயும் மாறத் தேவையில்லை. சும்மா இருந்தாச் சரி. பயப்பிடாதேங்கோ" என்றார். அவர் இடுப்பில் மித்ரா. நான் கையசைத்ததை அவள் பார்க்கவே இல்லை. வேறொரு குழந்தையின் சிவப்பு லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் மனம் கேட்டிருக்காது. அழாதபோதும் கேட்கவில்லை.

மெட்ரோ நீல நிறம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ரப்பர் டயரில் ஓடுகிறது. லாரி டயர் ரயிலில் மாட்டியதைப் போல. எனக்கு ஒரே குதூகலம். ஆறாவது நிலையமோ ஏழாவதோ, கதவு திறந்ததும் பெட்டியில் பாதிப் பேர் இறங்கி, எதிரில் நின்ற இன்னொரு ரயிலுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். எங்கள் ஊரில் பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி ஓடினால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டோம். பஸ் இனி நகராது என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. நான் ஏறியது ஆரஞ்சுக் கோடு. வசந்தி அக்காவின் தாளில் இல்லாத பெயர்களாக வந்துகொண்டே இருந்தன. பக்கத்திலிருந்த பெண்ணிடம் தாளை நீட்டினேன். அவர் பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னார்: "நீங்கள் நகரத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறீர்கள், கண்ணே."

கூட்ட அறையில் நுழைந்தபோது நாற்பது நிமிடம் தாமதம். மலையடிவாரத்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடம். ஜன்னல் முழுக்கச் சிவந்த இலைகள். என் இடத்தில் ஒரு பெயர் அட்டை: 'இந்தியா' பெரிய எழுத்தில், 'கோமதி' பொடி எழுத்தில். பக்கத்தில் இலங்கையின் அட்டை, நாற்காலி காலி. அவருக்கு விசா வரவில்லையாம். உட்கார்ந்ததும் போனை எடுத்தேன். வசந்தி அக்கா படம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். படுத்திருந்த அட்டையில் சாய்த்தால் போன் வழுக்கியது. அட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்தி அதில் சாய்த்தேன். கச்சிதமாக நின்றது.

பூட்டான்காரர் ஒரு வரியை வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்துக் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. மரியாதைக்கு நானும் காத்திருந்தேன்.

தலைமை தாங்கிய மதாம் எலேன், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய உள்ளூர்ப் பெண்மணி, மெதுவாகக் கேட்டார்: "இந்தியாவுக்கு இதில் என்ன ஆட்சேபம்?"

"ஆட்சேபமா? ஒன்றும் இல்லையே."

"அப்படியானால் இந்தியாவின் அட்டை ஏன் நிற்கிறது?"

தாமதமாக வந்ததில் நான் தவறவிட்டது இதைத்தான். அந்த அறையில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு வரியில் மனம் ஒப்பாதவர் தன் அட்டையை நிமிர்த்தி வைக்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்டு, வரியைத் திருத்தி, அவர் தன் கையால் அட்டையைப் படுக்க வைக்கும்வரை அந்த வரி நகராது. தேர்தலைப் பற்றிப் பேச வந்த இடத்தில் யாரும் கை தூக்கக் கூடாதாம்! 'பூட்டானில் தேர்தலை நடத்துவது பூட்டான் மக்களே' என்ற வரியை நான் பத்து நிமிடம் தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

போனை எடுத்ததும் அட்டை தானே விழுந்தது. திரையில் மித்ரா, வாயெல்லாம் சாம்பார். நேபாளத்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஓ, ஆட்சேபம் இந்த அளவுதானா" என்றார். அறையே சிரித்தது. அவர்தான் பிமலா. நாற்பத்தைந்து வயது இருக்கும். மலைக் கிராமம் ஒன்றில் வார்டு உறுப்பினராக இருந்து, இப்போது தேர்தலில் நிற்க விரும்பும் பெண்களுக்குப் பேசப் பழக்குகிறவர். அன்று முழுக்க யார் அட்டை நிமிர்ந்தாலும் "இந்தியாவைப் போல சும்மா நிற்கிறதா, நிஜமாகவா?" என்று கேட்டார்கள்.

மாலை வீட்டில் இதைச் சொன்னபோது வசந்தி அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எங்கட நாட்டுக் கதிரை சும்மாதானே கிடக்கு? நான் வந்து இருக்கட்டே? எனக்கு நிறைய ஆட்சேபம் இருக்கு!"

"உம்மட அட்டை இந்த வீட்டில எப்பவும் நெட்டுக்குத்தாத்தானே நிக்குது" என்றார் சிவம் அண்ணன், புட்டை வாயில் போட்டபடி.

செவ்வாய் நன்றாகப் போனது. மெட்ரோவில் யார் ஓடினாலும் நான் அசையவில்லை. மதியம் பிமலா, பூட்டானின் சோனம், மாலத்தீவின் நசீமா, நான் நால்வரும் வெளியே சாப்பிடப் போனோம். இந்த ஊரின் பெருமை பூட்டீன் என்றார்கள்: பொரித்த உருளைக்கிழங்கின் மேல் பழுப்புக் குழம்பு ஊற்றி, பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போடுகிறார்கள். கடித்தால் அந்தக் கட்டி பல்லில் கீச்சென்று சத்தம் போடுகிறது. குழம்பில் மாட்டு இறைச்சிச் சாறு இருக்குமோ என்று நான் மூன்று முறை விசாரித்துக் காளான் குழம்பு வாங்கினேன். சுவை மோசமில்லை, ஆனால் குழம்பென்றால் உறைக்க வேண்டாமா? பிமலா கைப்பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். காய்ந்த மிளகாய்த் தூள். நான்கு நாட்டுக் கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. வட்டாரக் கூட்டுறவு அந்த வாரத்தில் முதலில் நடந்தது அங்கேதான்.

சோனம் ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள இளைஞர். "எங்களுக்கு ஓட்டு, கேட்காமலே கிடைத்தது. அரசர் தந்தார். பெரியவர்கள் வேண்டாமென்று அழுதார்கள்" என்றார். நிஜத் தேர்தலுக்கு முன்னால் ஒரு ஒத்திகைத் தேர்தல் நடந்ததாம். கட்சிகளுக்குப் பெயர் இல்லை, நிறம் மட்டும். மஞ்சள் ஜெயித்தது. மஞ்சள் அரசரின் நிறம். "எங்கள் அம்மா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, அரசருக்கு நல்லபடியாகப் போட்டுவிட்டேன் என்றார். இப்போது அதே அம்மா, குடிநீர்க் குழாய் வரவில்லையென்று ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். இதற்கு இத்தனை வருஷம் ஆனது."

நசீமா ஒரு குட்டித் தீவின் மன்ற உறுப்பினர். பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஜெயித்தவர். "முதல் கூட்டத்தில் எனக்குத் தேநீர் ஊற்றும் வேலை தந்தார்கள். இரண்டாம் கூட்டத்தில் நான் தேநீர்க் கெண்டியை என் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போனேன்" என்றார். பிமலா மேசையில் அடித்துச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். பிறகு என் தட்டைப் பார்த்தேன். எனக்கும் ஒரு கதை இருந்தது. சொல்லவில்லை.

அன்று மாலை வசந்தி அக்கா என்னைத் தெருமுனை தெபனேருக்குப் பால் வாங்க அனுப்பினார். இங்கே பெட்டிக்கடையை அப்படித்தான் சொல்கிறார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது பாக்கெட் பால்! எங்கள் ஊரில் விடிகாலையில் வாசலில் கிடக்கும் அதே மெத்து மெத்துப் பாக்கெட், ஒரு பையில் மூன்று. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, "மெர்சி, மதாம்" என்று வேகமாக நன்றி சொன்னார்.

திரும்பி வந்து பகலில் மித்ரா என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள், ஏன் கன்னத்தில் சிவப்பு என்று வரிசையாகக் கேட்டேன். வசந்தி அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு சொன்னார்: "பிள்ளை, நீங்கள் ஒரு நாளைக்கு ஆறு தரம் வீடியோவில என்ர குசினியை எட்டிப் பார்க்கிறியள். ஓம், தாய்க்குப் பயம் இருக்கும்தானே. ஆனா நீங்கள் அங்க என்ன செய்யிறியள் எண்டு எனக்கு ஒருக்காலும் காட்டேல்லையே. நான் கேட்கக் கூடாதோ?"

குசினி என்றால் சமையலறை. எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் மேசையை, ஜன்னலை, காலியான இலங்கை நாற்காலியை எல்லாம் படமெடுத்து அனுப்பினேன். "கதிரை வடிவா இருக்கு. பேந்து வாறன் எண்டு சொல்லுங்கோ" என்று பதில் வந்தது. பேந்து என்றால் பிறகு.

புதன்கிழமைதான் விஷயம் முட்டியது. வரைவின் மூன்றாம் பக்கம். 'இந்தியக் குழு நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகிய நாடுகளின் உள்ளாட்சித் தேர்தல்களைப் பார்வையிடும். பெண் உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளிக்கும்.' நான் தட்டச்சு செய்த வரி. அழகாக இருப்பதாக நினைத்திருந்தேன்.

பிமலாவின் அட்டை எழுந்தது.

"வாருங்கள். எங்களுக்கு வேண்டும்" என்றார். "அடுத்த தேர்தலில் நிற்பதற்காக நான் பழக்குகிற பதினோரு பெண்களில் நான்கு பேரை இப்போதே மிரட்டிவிட்டார்கள். வெளியூர்க் கண் இரண்டு வாசலில் நின்றால் போதும், வாக்குச்சாவடிப் பக்கம் சுற்றும் ஆட்கள் ஒதுங்குவார்கள். அதற்காகத்தான் மலையிறங்கி இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்த் தேர்தலைப் பார்க்க நாங்கள் எப்போது வரலாம்?"

அந்தக் கேள்வி வரைவில் இல்லை. எங்கள் துறையில் யாருக்கும் அது தோன்றவே இல்லை. 'மாறிவரும் நாடுகள்' என்று எழுதும்போது நாங்கள் மாறி முடித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அது... எங்கள் நாட்டில் அதற்கு அனுமதி..." என்று இழுத்தேன்.

"எங்கள் நாட்டிலும் அனுமதி வாங்கத்தான் வேண்டும்" என்றார் சோனம், மிக மெதுவாக. அவர் அட்டையும் எழுந்தது. அடுத்து நசீமாவின் அட்டை. கோபமே இல்லை; விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி சோறு வைப்பது போன்ற முகங்கள்தான். ஆனால் மூன்று அட்டைகளும் நின்றன. மதாம் எலேன் கடிகாரத்தைப் பார்த்து, "வெள்ளி மதியம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அந்தச் சொல்லாத கதை. சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் ஊராட்சியின் தலைவர் என் சொந்தச் சித்தி. பெண்களுக்கு ஒதுக்கிய இடம். போஸ்டரில் சித்தியின் படம், அதைவிடப் பெரிதாகச் சித்தப்பாவின் படம். ஜெயித்த நாளிலிருந்து ஊரே சித்தப்பாவைத்தான் 'தலைவரே' என்று கூப்பிடுகிறது. மன்றக் கட்டடத்தில் தலைவர் நாற்காலியில் அவர்தான் உட்கார்கிறார். கிளார்க் வீட்டுக்கு வந்தால் சித்தி தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். உள்ளாட்சியில் பெண்கள் என்று முனைவர் பட்டத்துக்கு நான் எழுதியபோது எத்தனையோ ஊராட்சிகளுக்குப் போனேன். எங்கள் ஊருக்குப் போகவில்லை. சித்தப்பா மனசு கஷ்டப்படக் கூடாது என்று நினைத்தேன். என் படிப்புக்குப் பணம் கட்டியவர். அது சரிதானே என்று அன்றைக்குத் தோன்றியது. சரிதானா என்று உடனேயே தோன்றியது.

வியாழன் காலை சாருக்குப் போன் போட்டேன். அங்கே மாலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பூத்துக்குள்ள வெளிநாட்டுக்காரங்கள விடறதுக்கு நாம யாரும்மா? அது நம்ம கையிலயா இருக்கு? நம்ம கிட்ட எலெக்ஷன் பாக்க என்ன இருக்கு? எழுபது வருஷமா நடத்துறோம். வரைவு வரைவா இருக்கட்டும்."

"சரி சார்."

அந்த 'சரி சார்' வாயில் மிளகாய்த் தூள் போல வெகுநேரம் எரிந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. வாக்குச்சாவடி எங்கள் கையில் இல்லைதான். அன்று முழுக்க மூன்று அட்டைகளும் நின்றன. தேநீர் இடைவேளையில் பிமலா தன் போனில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார். மூக்குத்தி, இடுப்பில் குழந்தை. "மிரட்டப்பட்ட நான்கு பேரில் இவளும் ஒருத்தி. உங்கள் மகள் வயதுதான் இவள் மகளுக்கு. திட்டம் கிடைத்தால் நிற்கிறேன், இல்லாவிட்டால் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்."

"தெரிந்தும் அட்டையை நிறுத்தி வைத்திருக்கிறீர்களே, தீதி?" என்றேன். நேபாளியில் அக்காவுக்கு அதுதான் சொல்.

"ஒரு பக்கமிருந்து மட்டும் ஆள் வந்தால் ஊரில் என்ன சொல்வார்கள்? பெரிய நாடு பரிசோதனைக்கு வந்திருக்கிறது என்பார்கள். அவளை மிரட்டுகிறவனுக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது."

அன்று திரும்பும்போது மெட்ரோவில் என் எண்ணமெல்லாம் சாரின் ஒரு வார்த்தையில் நின்றது. நம்ம கையிலயா இருக்கு? சரி, என் கையில் என்னதான் இருக்கிறது? கல்லூரி என் கையில் இல்லை. சாவடி இல்லை. கடைசி நிலையமான ஆங்க்ரினோன் வந்து எல்லோரும் இறங்கியபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. உட்கார்ந்தே இருந்தேன். துப்புரவுக்காரர் கண்ணாடியைத் தட்டி என்னை இறக்கிவிட்டார்.

வெள்ளி காலை மதாம் எலேன் மூன்றாம் பக்கத்தைக் கடைசியாக வாசித்தார். மூன்று அட்டைகள் நின்றன. வாரம் முழுக்க என் அட்டை தப்பித்தவறிக்கூட நிமிராமல் இருக்க அதன்மேல் பேனா வைத்து அழுத்திவைத்திருந்தேன். பேனாவை எடுத்தேன். அட்டையை நிறுத்தினேன்.

நசீமா கிசுகிசுத்தார்: "இந்தியா, மறுபடியும் போனா?"

"போன் பைக்குள் இருக்கிறது" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "இது நிஜமாகவே நிற்கிறது. என் வரியையே நான் ஆட்சேபிக்கிறேன்."

பிறகு சொன்னேன். வாக்குச்சாவடிக்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அது என் கையில் இல்லை. எங்கள் கல்லூரியின் சார்பிலும் பேசவில்லை. ஆனால் எங்கள் நாட்டில் கிராம சபை என்று ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர்கள் எல்லோரும் கூடி ஊராட்சியைக் கணக்குக் கேட்கலாம். திறந்தவெளியில் நடக்கிறது. ஓரமாக உட்கார்ந்து பார்க்க ஊராட்சித் தலைவர் சம்மதித்தால் போதும். வருகிற ஜனவரியில் எங்கள் ஊருக்கு வாருங்கள். தலைவர் என் சித்தி. தலைவர் நாற்காலியில் உட்கார்வது என் சித்தப்பா. யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பேசுகிறார்கள், யார் வரவே இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் நாங்கள் எழுதப்போவதைப் போலவே. அதற்குப் பிறகு எங்கள் குழு உங்கள் ஊருக்கு வரட்டும். 'பயிற்சி அளிக்கும்' என்பதை எடுத்துவிடலாம். இதை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். பொடி எழுத்தில் இருக்கிறதே, அந்தப் பெயரில்.

சொல்லி முடித்துவிட்டேன். ஊருக்கு எப்படிப் போவேன், அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அப்போதுதான் யோசனை ஆட்டோவில் வந்து இறங்கியது.

முதலில் சோனத்தின் அட்டை படுத்தது, சத்தமே இல்லாமல். நசீமா தன் அட்டையைப் பட்டென்று கவிழ்த்தார். பிமலா அட்டையைப் பிடித்தபடியே கேட்டார்: "நீங்கள் அந்தக் கிராம சபையில் பேசியிருக்கிறீர்களா?"

"போனதே இல்லை, தீதி."

"அப்படியானால் ஜனவரியில் நீங்களும் எங்களோடு வந்து பார்க்க வேண்டும்."

"வருகிறேன்."

அவர் அட்டை படுத்தது. மதாம் எலேன் என்னைப் பார்த்து முதல் நாள் கேட்ட அதே குரலில் கேட்டார்: "இந்தியாவின் அட்டை ஏன் நிற்கிறது?" அறை முழுக்கச் சிரிப்பு. மறந்தே போயிருந்தேன். படுக்க வைத்தேன். மணி பன்னிரண்டாக ஏழு நிமிடம் இருந்தது. பிமலா போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினார். நேபாளியில் அவர் கத்திய வார்த்தைகளில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மறுமுனையில் யார் என்று மட்டும் தெரிந்தது.

சாருக்கு அன்றே எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். 'வந்ததும் பேசுவோம்' என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியை இருபது முறை வாசித்துவிட்டேன். அதில் கோபம் இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை சிவம் அண்ணன் எங்களை டோர்வலில் இறக்கிவிட்டு, பெட்டியைத் தானே எடை போட்டுப் பார்த்தார். வசந்தி அக்கா மித்ராவைக் கீழே இறக்க மறுத்தார். "போட்டு வாறன் எண்டு சொல்லு பிள்ளை." மித்ரா யோசித்துவிட்டு, "போன்ழூர்" என்றாள். அந்த வீட்டுக் குழந்தைகளிடம் பொறுக்கிய பிரெஞ்சு வணக்கம். "வந்த அண்டைக்குச் சொல்ல வேண்டியதை இப்ப சொல்லுறாள்" என்று வசந்தி அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

விமானத்துக்கு நேரம் இருந்தது. ஊரில் மாலை. சித்தியைக் கூப்பிட்டேன்.

"என்ன கோமு, கனடாலயிருந்தா பேசுத? பாப்பா நல்லாருக்காளா? தொப்பி கிப்பி போட்டியா?"

"போட்டாச்சு சித்தி. ஒரு விஷயம். ஜனவரி கிராம சபைக்கு என்கூட மூணு பேர் வாராங்க. நேபாளத்துலருந்து ஒருத்தங்க, பூட்டான், மாலத்தீவு."

"நம்ம ஊருக்கா? இங்க பாக்க என்ன கெடக்கு?"

"உங்களப் பாக்கத்தான் வாராங்க. நான்தான் வரச் சொன்னேன். நடக்கறத நடக்கறபடியே சொல்லித்தான் கூப்பிட்டேன்."

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. "சித்தப்பா தோட்டத்துக்குப் போயிருக்காவ. வந்ததும் கேட்டுட்டுச் சொல்லுதேன்."

"சித்தப்பாட்ட நானே பேசுறேன், சித்தி. சம்மதம் அவங்ககிட்ட கேக்கல. தலைவர் நீங்க. நீங்க சரின்னாப் போதும்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். மித்ரா என் பையைக் குடைந்து, நான் எடுத்து வந்த பெயர் அட்டையை நாற்காலி மேல் நிறுத்தி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"மூணு பேருன்னா சொன்ன?" என்றார் சித்தி.

"மூணு. என்னையும் சேத்தா நாலு."

"அப்ப அஞ்சு நாற்காலி கூடுதலாப் போடச் சொல்லணும்."

"நாலுதான் சித்தி."

"அஞ்சுட்டி" என்றார் சித்தி. "எனக்கு ஒண்ணு வேண்டாமா?"